கால்சட்டையைப் பிடித்தவன்

பதினாறு வருஷம் அந்த ஆள்
என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான்.
நடுவர் பார்க்காத பக்கமாக,
ஒவ்வொரு கார்னருக்கும், இரண்டே விரலால்,
கடையில் துணியின் தரம் பார்ப்பவனைப் போல.

அனதோல்.
காரைக்கால், அரசலாற்றுக் கரை அணி, ஐந்தாம் நம்பர்.
பிறந்தது கோட்டுச்சேரி, பிரஜை பிரான்சுக்கு.
எதிர் அணி பெனால்டி அடிக்கும்போது இருக்கிற அதே முகம்தான்
பாஸ்போர்ட் போட்டோவிலும்.

நான் நாகூர், தஸ்தகீர்.
முதலில் ஊர் அணி, பிறகு துறைமுகம்,
பிறகு தஞ்சாவூரில் ஒரு பஸ் கம்பெனி,
கடைசியில் ஒழுங்காகச் சம்பளம் தந்த ஒரு வங்கி.
நாலு சட்டை. நாலிலும் ஒன்பதாம் நம்பர்.
எதைப் போட்டுக்கொண்டு போனாலும்
எதிரே நின்றது அந்த ஒரே பச்சை,
காலர் பிய்ந்து, வேறு நிற நூலில் தைத்தது.

எழுபத்திரண்டில் அவனும் போனான், தூலோனுக்கு, அண்ணன் வீட்டுக்கு.
அங்கே ஒரு கிளப் ஆடவிட்டுப் பார்த்ததாம்,
கையெழுத்துப் போடச் சொன்னதாம்.
நாற்பதாம் நாள் காரைக்காலில் இருந்தான்.
என்னிடம், குளிர் என்றான்.
டீக்கடையில் வேறு கதை:
"அங்க புல்லு ரொம்ப நல்லாருக்கு. பந்து சொன்ன எடத்துக்குப் போவுது.
அதுல என்னா ஆட்டம்?"
உண்மை எனக்குத் தெரியாது.
அந்த வாரம் எங்களோடு அவர்களுக்கு அரையிறுதி இருந்தது,
அது தெரியும்.

முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனான்.
மாசம் இருநூறு, அதுவும் கேட்டால்தான்.
விசில் வாங்கியதே இல்லை, நாக்கை மடித்து ஊதுவான்.
கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிட்டால்
பையன்களைக் கடற்கரைக்கு ஓட்டிப் போய்
ஈர மணலில் குச்சியால் தடுப்பு வரிசை போடுவான்.
ஒரு அலை வந்து ஓரத்து ஆளை மட்டும் அழித்துவிட்டுப் போகும்.
"பாத்துக்க. இதான் நம்ம லெஃப்ட் பேக்."

எங்கள் கிளப் அவனைக் கூப்பிட்டது ஒருமுறை.
மூன்று மடங்கு பணம், கூடவே ஒரு மொபெட்.
பேசப் போனவன் நான்.
மாங்காய் போட்ட மத்திக் குழம்பு ஊற்றினான்.
குறுக்கே பேசாமல் கேட்டான்.
"தஸ்தகீரு, நான் கடைமடைக்காரன்.
மேட்டூர்ல தொறந்தது எல்லா ஊரையும் நனைச்சுட்டு
கடைசியா இங்க வரும். சில வருஷம் வராது.
அதுக்குன்னு வயலத் தூக்கிக்கிட்டு
முக்கொம்புக்கா போவாங்க?"
இன்னொரு மீன் வைத்தான்.
நான் மொபெட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை.

பையன்கள்தான் போனார்கள்.
பாஸ்போர்ட் இருந்தவன் பாரிசுக்கு,
இல்லாதவன் திருப்பூருக்கு.
தொண்ணூற்றெட்டு ஜூலையில் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது,
ஊரில் ராத்திரி முழுக்க வெடி.
அனதோல் கோல் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.
"ஜெயிச்சாங்களா? சரி, அந்த முனையப் புடி."

அடுத்த மாசம் மாவட்டக் கோப்பை.
அவன் பக்கம் வந்தது ஆறு பேர்.
விதிப்படி ஏழாவது ஆள் வேண்டும்.
பட்டியலில் தன் கையாலேயே எழுதினான்,
ஐம்பத்தொரு வயது, ஐந்தாம் நம்பர்.

அன்றைக்கு எல்லைக்கோட்டில் கொடி என் கையில்.
நாகூர்ப் பையன்கள் ஒன்பது கோல் போட்டார்கள்.
ஒன்பதுக்கும் அவன் கையைத் தூக்கி
ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.
ஒன்றுகூட ஆஃப்சைடு இல்லை.

கடைசி நிமிஷம், என் மூலையில் கார்னர்.
பந்து மேலே வருகிறது.
எங்கள் ஊர்ப் பையன், ஒன்பதாம் நம்பர், எம்பப் போகிறான்.
இரண்டு விரல்.

தெளிவாகத் தெரிந்தது.
நடுவர் என்னைப் பார்த்தார்.
கொடியைத் தொடையோடு அழுத்திக்கொண்டு
நான் கடல் பக்கம் பார்த்தேன்.